லிலி பார்

லிலி பார் (ஏப்ரல் 26, 1905 – மே 24, 1978) இங்கிலாந்தைச் சேர்ந்த காற்பந்தாட்ட வீராங்கனை ஆவார். பிரெஸ்டன் நகரில் இயங்கிய டிக் கெர் மகளிர் அணியில் 1920 அளவில் சேர்ந்த இவர், 1951 வரை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வணிக்காக விளையாடினார். இடது ஓரத்தில் நின்று தாக்கி ஆடுவதும், தொலைவில் இருந்து இடது காலால் வலிமையாக உதைப்பதும் இவரது தனித்திறன்களாக அறியப்பட்டன. தமது ஆட்ட வாழ்வில் 900க்கும் மேற்பட்ட கோல்களை இவர் அடித்ததாகக் கூறப்படுகிறது. 2002 ஆம் ஆண்டில் இங்கிலாந்துக் காற்பந்துப் புகழரங்கில் சேர்க்கப்பட்ட முதல் பெண் இவரே.

லிலி விளையாடத் தொடங்கிய காலத்தில் மகளிர் ஆட்டமொன்றைக் காண ஐம்பதாயிரம் பேருக்கும் மேல் திரண்டனர். அதன் பின் ஓராண்டு முடிவதற்குள், தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் விளையாடக் கூடாது என இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் தடை விதித்தது. அப்போது இவருக்கு வயது 16. இவர் ஆடிய ஆட்டங்களில் பெரும்பாலானவை அத்தடையின் கீழேயே நடந்தன. எனவே இவரது வாழ்க்கையை அத்தடையின் வரலாற்றில் இருந்து பிரித்து எழுத முடியாது.

பிறப்பும் இளமையும்

லிலி பார் இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காசயர் பகுதியைச் சேர்ந்த செயின்ட் ஹெலன்ஸ் நகரில் பிறந்தார். கண்ணாடித் தொழிலுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் பெயர்பெற்ற நகர் அது. தந்தை ஜார்ஜ் பார் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில் கூலித் தொழிலாளியாக வேலை செய்தார். தாயார் பெயர் சாரா. ஏழு பிள்ளைகளில் லிலி நான்காமவர். குடும்பம் வாடகை வீட்டில் வாழ்ந்தது.

சிறுமியாக இருந்தபோதே தம் சகோதரர்களுடன் வீட்டருகே இருந்த வெற்று நிலங்களில் காற்பந்தும் ரக்பியும் விளையாடினார். செயின்ட் ஹெலன்ஸ் இன்றளவும் ரக்பியை நேசிக்கும் நகராகும். பந்தை உயரத் தூக்கி நெடுந்தொலைவுக்கு உதைக்கும் பழக்கம் இவருக்கு இங்கேதான் படிந்திருக்க வேண்டும். தையல், சமையல் போன்றவற்றில் ஆர்வம் காட்டாமல் ஆண் பிள்ளைகளுடன் பந்து உதைத்துத் திரிந்த பெண்ணாகவே இவரை வாழ்க்கை வரலாற்றாளர்கள் சித்திரிக்கின்றனர். உயரமான உடலமைப்பும் கரிய கூந்தலும் கொண்டவர். வளர்ந்த பின் இவரது உயரம் ஏறத்தாழ ஆறு அடி.

தொழிற்சாலையில் தோன்றிய அணி

முதலாம் உலகப் போர் தொடங்கியபின் பிரித்தானியாவின் ஆண்கள் இலட்சக் கணக்கில் போர்முனைக்குச் சென்றனர். 1914–15 பருவத்துடன் ஆண்களின் காற்பந்துக் கூட்டிணைவுப் போட்டிகள் நிறுத்தப்பட்டன. அவர்கள் விட்டுச்சென்ற வேலைகளில், குறிப்பாக வெடிமருந்துத் தொழிற்சாலைகளில், பெண்கள் அமர்ந்தனர். உணவு இடைவேளைகளில் தொழிற்சாலை முற்றத்தில் பந்து உதைப்பது அவர்களிடையே பரவலான பொழுதுபோக்கு ஆயிற்று. பல ஊர்களில் தொழிற்சாலைக்கு ஓர் அணி என்ற நிலை உருவானது. வடகிழக்கு இங்கிலாந்தின் பிளைத் ஸ்பார்டன்ஸ் மகளிர் அணியில் ஆடிய பெல்லா ரே என்பவர் ஒரே பருவத்தில் 133 கோல்கள் அடித்துப் புகழ்பெற்றது இக்காலத்தில்தான்.

இங்கிலாந்தில் பெண்கள் பந்து விளையாடுவது அப்போது முற்றிலும் புதியதன்று. 1895 ஆம் ஆண்டிலேயே இலண்டனில் மகளிர் அணிகளுக்கு இடையே பொது ஆட்டம் ஒன்று நடந்துள்ளது. ஆனால் அதை மக்கள் வேடிக்கையாகவே பார்த்தனர். போர்க்காலத் தொழிற்சாலை அணிகள்தான் அதை ஆட்டமாகப் பார்க்க வைத்தன.

பிரெஸ்டன் நகரில் டிக் கெர் என்னும் நிறுவனம் டிராம் வண்டிகளையும் இரயில் எந்திரங்களையும் செய்து வந்தது. போரின்போது அது வெடிமருந்து உற்பத்திக்கு மாற்றப்பட்டது. 1917 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இங்கு வேலை செய்த பெண்கள், ஆண் தொழிலாளரைப் போட்டிக்கு அழைத்து அவர்களைத் தோற்கடித்தனர். அலுவலகத்தில் பணியாற்றிய ஆல்பிரட் பிராங்க்லாந்து என்பவர் இவர்களது ஆட்டத்தைக் கவனித்து, முறையான அணியாக அமைக்க முன்வந்தார். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளில் பிரெஸ்டன் நார்த் எண்டு கழகத்தின் டீப்டேல் மைதானத்தில் முதல் ஆட்டம் நடைபெற்றது. அருண்டல் கூல்தார்ட் என்னும் மற்றொரு தொழிற்சாலையின் பெண்கள் அணியை டிக் கெர் அணி 4–0 என்ற கணக்கில் வென்றது. 10,000 பேர் பார்த்த அந்த ஆட்டத்தின் வருமானம் காயமடைந்த படைவீரர்களின் மருத்துவமனைக்கு வழங்கப்பட்டது.

அறப்பணிக்காக ஆடுவது என்ற வழக்கம் அன்று தொடங்கி இறுதிவரை நீடித்தது. கறுப்பு வெள்ளைப் பட்டைகள் கொண்ட மேற்சட்டை, நீல நிறக் காற்சட்டை, கூந்தலை மறைக்கும் பட்டைத் தொப்பி ஆகியவை அணியின் உடையாக இருந்தன.

அணியில் சேர்தல்

லிலி முதலில் தமது ஊரின் செயின்ட் ஹெலன்ஸ் மகளிர் அணியில் ஆடினார். அவ்வணி டிக் கெர் அணியை எதிர்த்து விளையாடியபோது, எதிரணியில் இருந்த இருவரை பிராங்க்லாந்து குறித்து வைத்துக்கொண்டார். ஒருவர் ஓட்டப்பந்தய வீராங்கனையான ஆலிஸ் வுட்ஸ். மற்றவர் பள்ளிப் பருவத்தை அப்போதுதான் தாண்டியிருந்த லிலி பார். இருவரையும் பிரெஸ்டனுக்கு அழைத்த பிராங்க்லாந்து, லிலிக்குத் தொழிற்சாலையில் வேலையும் சக வீராங்கனையான ஆலிஸ் நாரிஸ் வீட்டில் தங்கும் இடமும் ஏற்பாடு செய்தார்.

ஓர் ஆட்டத்திற்கு 10 சில்லிங் செலவுத் தொகையாக வழங்கப்பட்டது. 20 சில்லிங் ஒரு பவுண்டு என்பதால் இது அரைப் பவுண்டு ஆகும். வேலைக்குச் செல்லாமல் இழக்கும் கூலிக்கும் பயணத்திற்கும் ஈடாக இது கருதப்பட்டது. இத்துடன் உட்பைன் சிகரெட்டுகளும் தமக்கு வேண்டும் என லிலி கேட்டுப் பெற்றதாக ஒரு கதை உண்டு. இவர் நெடுங்காலம் புகைபிடித்தவர் என்பதால் அக்கதை எல்லா நூல்களிலும் இடம்பிடித்துவிட்டது. எவ்வாறாயினும், பிற்காலத்தில் சிலர் இவரைத் தொழில்முறை வீராங்கனை என எழுதுவது முழுவதும் பொருந்தாது. இவருக்கு ஊதியம் தந்தது முதலில் தொழிற்சாலை, பின்னர் மருத்துவமனை. ஆட்டத்தினால் கிடைத்தது செலவுப் பணம் மட்டுமே. இந்தச் செலவுப் பணம்தான் பின்னர் தடைக்கான காரணங்களுள் ஒன்றாகக் காட்டப்பட்டது.

தொடக்கத்தில் பின்களத்தில் ஆடிய லிலி விரைவில் இடது ஓரத்திற்கு மாற்றப்பட்டார். முதல் பருவத்திலேயே 43 கோல்கள் அடித்தார் எனப் பதிவாகியுள்ளது. அணியில் கோலடிப்பதற்குப் புளோரி ரெட்போர்டு, ஐந்து அடி உயரம்கூட இல்லாத ஜென்னி ஹாரிஸ் போன்ற தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே இருந்தனர். ஆலிஸ் கெல் அணித்தலைவி. இவர்களுக்கு இல்லாத ஒன்று லிலியிடம் இருந்தது. அக்காலப் பந்து தடித்த தோலால் தைக்கப்பட்டு, உள்ளே காற்றுப்பை வைத்து, வாய்ப்பகுதி கயிற்றால் கட்டப்பட்டது. லங்காசயரின் மழையிலும் சேற்றிலும் அது நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். மைதானத்தின் ஓரத்தில் இருந்து கோல் முகப்புக்கு அத்தகைய பந்தைத் தூக்கி அனுப்புவது பலருக்கும் கைகூடாத செயல். லிலி அதை இயல்பாகச் செய்தார். மூலையில் இருந்து இவர் உதைக்கும் பந்து நடுவில் காத்திருக்கும் ரெட்போர்டின் தலைக்கு நேராக வந்து இறங்கும். அணியின் தாக்குதல் முறையே இதனால் மாறியது.

இவரது உதையைத் தடுக்க முயன்ற ஆண் கோல்காப்பாளர் ஒருவரின் கை முறிந்தது என்ற செய்தியும் அடிக்கடி சொல்லப்படுகிறது. அதைக் கதையாகக் கொண்டாலும், நனைந்த தோற்பந்தின் கனத்தை அறிந்தவர்கள் அதை நம்ப முடியாதது எனத் தள்ளிவிட மாட்டார்கள்.

பிரெஞ்சு அணியுடன் ஆட்டங்கள்

1920 ஆம் ஆண்டில், பிரான்சில் மகளிர் விளையாட்டை வளர்த்த ஆலிஸ் மில்லியா தலைமையில் பாரிசில் இருந்து ஓர் அணி இங்கிலாந்துக்கு வந்தது. ஏப்ரல் 30 அன்று டீப்டேலில் நடந்த முதல் ஆட்டத்தை 25,000 பேர் கண்டனர். டிக் கெர் அணி 2–0 என வென்றது. தொடரின் நான்கு ஆட்டங்களில் இரண்டில் இங்கிலாந்து அணி வென்றது. ஒன்று சமநிலையில் முடிந்தது. இலண்டன் ஸ்டாம்போர்டு பிரிட்ஜ் மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் பிரெஞ்சு அணி 2–1 என வென்றது. இரு அணிகளின் தலைவியரும் ஆட்டத்துக்கு முன் முத்தமிட்டுக் கொண்ட காட்சியைப் பத்திரிகைகள் படத்துடன் வெளியிட்டன.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் டிக் கெர் அணி பிரான்சுக்குச் சென்றது. தொழிற்சாலைப் பெண்களுள் பலருக்கு அதுவே முதல் வெளிநாட்டுப் பயணம். லிலிக்கு வயது 15. பாரிசின் பெர்சிங் அரங்கில் 22,000 பேர் முன்னிலையில் நடந்த ஆட்டம் 1–1 என்றிருந்தபோது, பார்வையாளர்கள் மைதானத்திற்குள் புகுந்ததால் முடிவதற்குச் சற்று முன்னரே நிறுத்தப்பட்டது. தொடர்ந்து ரூபே, லே ஆவ்ர், ரூவான் ஆகிய நகரங்களிலும் அவர்கள் ஆடினர். அந்த மூன்றிலும் டிக் கெர் அணிக்கே வெற்றி கிடைத்தது. இந்த ஆட்டங்களில் இங்கிலாந்தின் பெயரால் விளையாடிய போதிலும், எந்தச் சங்கத்தின் ஏற்பும் இல்லாததால் அவை அதிகாரப்பூர்வமான பன்னாட்டு ஆட்டங்களாக எண்ணப்படுவதில்லை.

1921 மே மாதத்தில் லாங்டன் என்னும் இடத்தில் பிரெஞ்சு அணியை டிக் கெர் அணி 5–1 என வென்றது. ஐந்து கோல்களையும் லிலியே அடித்தார்.

குடிசன் பார்க்

1920 டிசம்பர் மாதம் இவ்வணியின் புகழின் உச்சம் எனலாம். டிசம்பர் 16 அன்று டீப்டேலில் ஓர் இரவு ஆட்டம் ஏற்பாடு செய்யப்பட்டது. மைதானங்களில் மின்விளக்குகள் இல்லாத காலம். போரில் விமானங்களைத் தேடப் பயன்பட்ட இரண்டு தேடொளி விளக்குகளைப் படைத்துறையிடம் இருந்து கடனாகப் பெற்றனர். அதற்கு ஒப்புதல் அளித்தவர் அப்போது போர் அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில். பந்து இருட்டில் தெரிவதற்காக வெள்ளை பூசப்பட்டது. 12,000 பேர் இந்தப் புதுமையைக் காண வந்தனர்.

பத்து நாட்களுக்குப் பின், கிறிஸ்துமசுக்கு மறுநாள், லிவர்பூல் நகரில் எவர்ட்டன் கழகத்தின் குடிசன் பார்க் மைதானத்தில், லிலியின் பழைய அணியான செயின்ட் ஹெலன்ஸ் மகளிர் அணியை டிக் கெர் அணி எதிர்கொண்டது. 53,000 பேர் உள்ளே நிறைந்திருந்தனர். மேலும் ஏறத்தாழ 14,000 பேர் இடமின்றி வெளியே நின்றதாகச் செய்திகள் கூறின. அணியின் முதன்மைக் கோலடிப்பாளரான புளோரி ரெட்போர்டு இரயிலைத் தவறவிட்டதால் வரவில்லை. முதற்பாதியில் ஜென்னி ஹாரிஸ் ஒரு கோல் அடித்தார். இடைவேளைக்குப் பின், வழக்கமாகப் பின்களத்தில் ஆடும் தலைவி ஆலிஸ் கெல் முன்னே வந்து மூன்று கோல்கள் அடித்தார். ஆட்டம் 4–0 என முடிந்தது. வேலையற்ற முன்னாள் படைவீரர்களுக்காக 3,115 பவுண்டுகள் திரண்டன.

இரு மகளிர் கழகங்களுக்கு இடையிலான ஆட்டத்தைக் கண்டவர்களின் எண்ணிக்கையில் இது 98 ஆண்டுகள் முறியடிக்கப்படாமல் இருந்தது. 2019 மார்ச்சில் மத்ரித் நகரில் அத்லெத்திகோ மத்ரித், பார்சிலோனா அணிகள் மோதியபோது 60,739 பேர் கூடி அதைக் கடந்தனர். 2022 இல் பார்சிலோனாவில் இந்த எண்ணிக்கை 91,000க்கும் மேல் உயர்ந்தது.

1921 ஆம் ஆண்டின் தடை

1921 ஆம் ஆண்டில் டிக் கெர் அணி 67 ஆட்டங்களில் கலந்துகொண்டது. மொத்தம் 900,000 பேர் வரை அவற்றைப் பார்த்தனர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. வீராங்கனைகள் அனைவரும் வாரம் முழுவதும் வேலை செய்தபடியே இத்தனை ஆட்டங்களில் ஆடினர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். வந்த அழைப்புகள் பலவற்றை அவர்கள் மறுக்க நேர்ந்தது. இங்கிலாந்தில் அப்போது ஏறத்தாழ 150 மகளிர் அணிகள் இருந்தன. லிலி அந்த ஓராண்டில் மட்டும் 108 கோல்கள் அடித்தார் என்பர்.

1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் இலண்டனில் கூடி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. காற்பந்தாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று, அதை ஊக்குவிக்கக் கூடாது என்பது அதன் முதற்பகுதி. திரட்டிய பணத்தில் அளவுக்கு மீறிய பங்கு செலவாகக் கழிக்கப்பட்டு, அறப்பணிக்குப் போதிய அளவு சென்று சேரவில்லை என்ற குற்றச்சாட்டு அடுத்த பகுதி. ஆகையால் சங்கத்தைச் சேர்ந்த கழகங்கள் தம் மைதானங்களை மகளிர் ஆட்டங்களுக்கு வழங்க மறுக்க வேண்டும் எனப் பணிக்கப்பட்டது. பெரிய பார்வையாளர் அரங்குகள் அனைத்தும் அந்தக் கழகங்களிடமே இருந்தன. பெண்கள் விளையாடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. அவர்கள் விளையாடுவதற்கு இடமில்லாமல் செய்யப்பட்டது.

இம்முடிவுக்கு வேறு காரணங்களும் இருந்தன என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். போர் முடிந்து ஆண்கள் திரும்பியபின் பெண்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற எண்ணம் நாடெங்கும் பரவியிருந்தது. ஆண்களின் கூட்டிணைவு 1920 இல் மூன்றாம் பிரிவையும், 1921 இல் வடக்கு மூன்றாம் பிரிவையும் சேர்த்து விரிவடைந்தது. இந்தச் சிறிய கழகங்கள் பார்வையாளர்களின் கட்டணத்தை நம்பி வாழ்ந்தவை. அவ்வாண்டின் வசந்த காலத்தில் சுரங்க முதலாளிகள் தொழிலாளரை வேலையில் இருந்து வெளியேற்றிக் கதவடைப்புச் செய்தபோது, பட்டினி கிடந்த சுரங்கக் குடும்பங்களுக்காகப் பல மகளிர் அணிகள் ஆடிப் பணம் திரட்டின. காயமடைந்த படைவீரர்களுக்காக ஆடியபோது பாராட்டியவர்கள் அனைவரும் இதை விரும்பினர் எனச் சொல்ல முடியாது. பெண்களின் உடல் இந்த ஆட்டத்தைத் தாங்காது என்று கருத்துரைத்த மருத்துவர்களும் இருந்தனர். 67 ஆட்டங்களை ஓராண்டில் ஆடி, மறுநாள் காலை தொழிற்சாலைக்குச் சென்ற பெண்களைக் குறித்தே இவ்வாறு சொல்லப்பட்டது.

தடைக்கு எதிராக ஏறத்தாழ 25 அணிகள் கூடி இங்கிலாந்து மகளிர் காற்பந்துச் சங்கத்தை உருவாக்கின. 1922 இல் அது நடத்திய கோப்பைப் போட்டியில் ஸ்டோக் மகளிர் அணி வென்றது. ஆயினும் அச்சங்கம் நெடுநாள் நிலைக்கவில்லை. பிற நாடுகளிலும் பின்னர் இத்தகைய தடைகள் வந்தன. பிரேசிலில் 1941 முதல் 1979 வரையும், மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரையும் மகளிர் காற்பந்தாட்டம் தடுக்கப்பட்டிருந்தது.

அமெரிக்கப் பயணம்

உள்நாட்டில் மைதானங்கள் மூடப்பட்ட நிலையில், 1922 செப்டம்பரில் டிக் கெர் அணி லிவர்பூலில் இருந்து கப்பலேறியது. கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் விளையாடுவது திட்டம். ஆனால் கனடாவின் காற்பந்துச் சங்கம் அவர்களை ஆட அனுமதிக்க மறுத்துவிட்டது. அமெரிக்காவிற்குச் சென்றபோது வேறொரு சிக்கல் காத்திருந்தது. அங்கு அவர்களுடன் ஆடுவதற்கு மகளிர் அணிகள் இல்லை. ஏற்பாடு செய்யப்பட்டிருந்தவை ஆண்களின் அணிகளே. அவற்றுள் தொழில்முறை வீரர்கள் ஆடிய அணிகளும் இருந்தன.

நியூ ஜெர்சியின் பேட்டர்சன் அணியுடன் நடந்த முதல் ஆட்டத்தில் 6–3 எனத் தோற்றனர். பின்னர் வாசிங்டன், பால்டிமோர், நியூ பெட்போர்டு உள்ளிட்ட பல நகரங்களில் ஆடினர். மொத்தம் ஒன்பது ஆட்டங்களில் மூன்றில் வெற்றி, மூன்றில் தோல்வி, மூன்று சமநிலை. பிரான்சில் எதிரணியில் ஆடிய கார்மென் பொமியே இப்பயணத்தில் டிக் கெர் அணியுடன் இணைந்து கோல்காப்பாளராக நின்றார். 17 வயது லிலியின் ஆட்டத்தை அமெரிக்கப் பத்திரிகைகள் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டின. ஆண்களின் அணிகளை எதிர்த்துச் சரிபாதிக்குச் சரிபாதியாக முடிந்த இப்பயணம், பெண்களால் இந்த ஆட்டத்தைத் தாங்க முடியாது என்ற வாதத்திற்குத் தக்க மறுப்பாக இருந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் அதனால் எதுவும் மாறவில்லை.

விட்டிங்காம் மருத்துவமனை

டிக் கெர் நிறுவனம் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் என்னும் பெரிய நிறுவனத்துடன் இணைக்கப்பட்டிருந்தது. புதிய நிர்வாகத்திற்கு மகளிர் அணியில் அக்கறை இல்லை. 1926 இல் பிராங்க்லாந்து நிறுவனத்துடன் முரண்பட்டு வெளியேறினார். நிறுவனத்தின் பெயரை இனிப் பயன்படுத்த முடியாததால் அணி பிரெஸ்டன் மகளிர் அணி எனப் பெயர் மாறியது. மக்கள் பழைய பெயரையே தொடர்ந்து சொல்லி வந்தனர்.

தொழிற்சாலை வேலையை இழந்த வீராங்கனைகள் பலருக்குப் பிரெஸ்டன் அருகே இருந்த விட்டிங்காம் மனநல மருத்துவமனையில் வேலை கிடைத்தது. லிலியும் அங்கு செவிலியாகப் பயிற்சி பெற்றார். ஓய்வு பெறும்வரை அங்கேயே பணிபுரிந்தார். வார நாட்களில் நோயாளர் கூடத்தில் பணி, ஓய்வு நாட்களில் பேருந்தில் ஏறி ஏதோவோர் ஊரின் ஆட்டம் என்பதாக இவரது அடுத்த கால் நூற்றாண்டு கழிந்தது.

குடிசன் பார்க்கில் ஆடியவர்கள் இப்போது நகராட்சிப் பூங்காக்களிலும், வயல்வெளிகளிலும், ரக்பி மைதானங்களிலும் ஆடினர். காணவந்தவர்கள் சில ஆயிரம் பேர். சில வேளைகளில் சில நூறு பேர். திருவிழாக்களும் மருத்துவமனை நிதி திரட்டும் நிகழ்ச்சிகளுமே பெரும்பாலும் இந்த ஆட்டங்களுக்கு வாய்ப்பளித்தன. கெல், ஹாரிஸ், ரெட்போர்டு ஆகிய முதல் தலைமுறையினர் ஒவ்வொருவராக விலகினர். லிலி தொடர்ந்தார். 1937 இல் எடின்பரோ மகளிர் அணியுடன் பிளாக்பூல் நகரில் நடந்த ஆட்டம் உலக வாகையர் பட்டத்துக்கானது என விளம்பரப்படுத்தப்பட்டது. பிரெஸ்டன் அணி 5–1 என வென்றது. பட்டம் எந்தச் சங்கமும் வழங்கியதன்று என்றாலும், அப்போதைய நிலையில் அதைக் கேள்விக்குட்படுத்தத்தக்க வேறு அணியும் அதிகம் இல்லை.

1937 இல் அணிக்கு வந்த ஜோன் வாலி போன்ற இளைய வீராங்கனைகள், லிலியைக் குறைவாகப் பேசுபவராகவும், நகைச்சுவை மிக்கவராகவும், புதியவர்களை அச்சுறுத்தும் தோற்றமும் உள்ளே இளகிய மனமும் கொண்டவராகவும் நினைவுகூர்ந்துள்ளனர். இரண்டாம் உலகப் போரின்போது அணியின் ஆட்டங்கள் பெரும்பாலும் நின்றன. போர் முடிந்தபின் 1946 இல் அணி மீண்டும் கூடியபோது, 41 வயதான லிலி அதன் தலைவி ஆனார். 1951 இல் ஆட்டத்தில் இருந்து ஓய்வு பெற்றார்.

கோல்களின் எண்ணிக்கை

லிலி அடித்த கோல்கள் எத்தனை என்பதற்கு நூல்களில் ஒரே விடை இல்லை. 900 என்றும், 980 என்றும், ஆயிரத்துக்கு மேல் என்றும் எழுதப்பட்டுள்ளது. இதற்குக் காரணம் எளிது. ஆண்களின் கூட்டிணைவு ஆட்டங்களைச் சங்கம் பதிந்து வைத்தது. மகளிர் ஆட்டங்களைப் பதிய எந்தச் சங்கமும் இல்லை. உள்ளூர்ப் பத்திரிகைகளின் சிறு செய்திகளும், பிராங்க்லாந்து வைத்திருந்த கணக்குகளும், வீராங்கனைகள் வீட்டில் ஒட்டிச் சேர்த்த பத்திரிகை நறுக்குகளுமே எஞ்சியுள்ள சான்றுகள். அணியின் முழு வரலாற்றுக்கு, அதாவது 1917 முதல் 1965 வரை, 828 ஆட்டங்களில் 758 வெற்றி, 46 சமநிலை, 24 தோல்வி என்ற கணக்கு வழங்கப்படுகிறது. இக்கணக்குகளில் பிழை இருக்கலாம் என்பதற்காக லிலியின் இடத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அணியின் ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இவர் இருந்தார் என்பதில் ஐயமில்லை. எண்ணிக்கையை மட்டும் வைத்து இன்றைய ஆட்டக்காரர்களுடன் இவரை ஒப்பிடுவதும் சரியாகாது. எதிரணிகளின் தரம் பெரிதும் வேறுபட்டிருந்தது.

இறுதிக் காலம்

ஓய்வுக்குப் பின் லிலி, பிரெஸ்டனுக்கு வடக்கே உள்ள கூஸ்னர் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். விட்டிங்காமில் அறிமுகமான மேரி என்னும் தோழியுடன் வாழ்ந்ததால், இவரைத் தற்பாலினப் பெண்களின் முன்னோடிகளுள் ஒருவராகப் பலர் போற்றுகின்றனர். 2007 இல் இலண்டனில் இவரது பெயரால் ஒரு காட்சி ஆட்டமும் நடத்தப்பட்டது. அணியின் வரலாற்றை எழுதிய கெயில் நியூஷாம் இதற்குப் போதிய சான்று இல்லை எனக் கருதுகிறார். இது குறித்து லிலியே எதுவும் பதிந்து வைக்கவில்லை.

பிராங்க்லாந்து 1957 இல் காலமானார். போதிய வீராங்கனைகள் கிடைக்காததால் 1965 இல் அணி கலைந்தது. 1967 இல் லிலிக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, இரு மார்பகங்களும் அறுவை மருத்துவத்தால் அகற்றப்பட்டன. அதன் பின்னும் பதினோர் ஆண்டுகள் வாழ்ந்தார்.

அந்த இடைவெளியில் காலம் மாறியது. 1966 உலகக் கோப்பைக்குப் பின் இங்கிலாந்தில் புதிய மகளிர் அணிகள் தோன்றின. 1969 இல் 44 கழகங்கள் இணைந்து மகளிர் காற்பந்துச் சங்கத்தை நிறுவின. 1971 அளவில் தடை முடிவுக்கு வந்தது. 1972 நவம்பர் 18 அன்று ஸ்காட்லாந்தின் கிரீனாக் நகரில் இங்கிலாந்து மகளிர் அணி தனது முதல் அதிகாரப்பூர்வ பன்னாட்டு ஆட்டத்தில் ஸ்காட்லாந்தை 3–2 என வென்றது. பாரிசில் லிலி ஆடி 52 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு அப்போது வயது 67.

லிலி பார் 1978 மே 24 அன்று கூஸ்னரில் தமது வீட்டில் காலமானார். பிறந்த ஊரான செயின்ட் ஹெலன்சின் விண்டில்ஷா கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

நினைவுகள்

இவர் இறந்தபோது பெரும்பாலான காற்பந்து இரசிகர்களுக்கு இவரது பெயர் தெரியாது. 1994 இல் கெயில் நியூஷாம், உயிருடன் இருந்த வீராங்கனைகளைத் தேடிச் சந்தித்து அணியின் வரலாற்றை நூலாக வெளியிட்ட பின்னரே இவர்களைப் பற்றிய ஆர்வம் மீண்டும் எழுந்தது. 2002 இல் தேசியக் காற்பந்து அருங்காட்சியகம் புகழரங்கை உருவாக்கியபோது லிலி பார் அதில் சேர்க்கப்பட்டார். 1921 ஆம் ஆண்டின் தடைக்காக இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் 2008 இல் வருத்தம் தெரிவித்தது. அதற்குள் லிலி இறந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

2017 இல், முதல் ஆட்டத்தின் நூற்றாண்டையொட்டி, டீப்டேல் அரங்கில் டிக் கெர் அணிக்கு ஒரு நினைவுச் சின்னம் அமைக்கப்பட்டது. 2019 ஜூன் மாதத்தில், மான்செஸ்டரில் உள்ள தேசியக் காற்பந்து அருங்காட்சியகத்தில் லிலி பாரின் வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. சிற்பி ஹன்னா ஸ்டூவர்ட். பிரித்தானியாவில் காற்பந்து வீராங்கனை ஒருவருக்கு எழுப்பப்பட்ட முதல் சிலை இதுவாகும். 2021 இல் அதே அருங்காட்சியகத்தில் இவரது வாழ்வைக் காட்டும் தனிக் காட்சியறை ஒன்றும் அமைக்கப்பட்டது.